சித்திரக்காரரின் பாடு

பிள்ளை நன்றாகப் படம் எழுதுகிறான், ஊரார் பாராட்டுகிறார்கள். பெண் அழகாகப் பூவேலை செய்கிறாள், உறவினர் வியக்கிறார்கள். ஆனால், "இதையே என் தொழிலாகக் கொள்ளப் போகிறேன்" என்று அவர்கள் வாய் திறந்தவுடன் வீட்டிலே மௌனம் சூழ்ந்துவிடுகிறது. "கலை சோறு போடுமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அக்கேள்வியை எள்ளி நகையாடுவது எளிது. அதற்கு விடை கூறுவதோ அரிது. பசி என்பது இன்னதென்று அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது.

மாணவ நண்பர்களே! இக்கேள்விக்கு வரலாறு என்ன விடை தருகிறது என்று பார்ப்பதே இப்பேச்சின் நோக்கம். அதற்காக உங்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லப் போவதில்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், கடலும் ஏரியும் கூடுகின்ற முகத்துவாரத்தின் அருகே, பழவேற்காடு என்னும் ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிலும் மீனவர் குப்பங்கள் பரவியிருக்கின்றன. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி இன்று ஆந்திர மாநிலத்தில் அமைந்துள்ளது. தென்கோடி நம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு கிடக்கிறது. அங்கிருந்து விண்ணில் ராக்கெட்டுகள் எழும்புகின்றன. இங்கே பூநாரைகள் ஆழமற்ற நீரில் ஒற்றைக்காலில் நிற்கின்றன. இன்று இவ்வூருக்கு வருகிறவர்கள் பறவைகளைக் காணவும் இறால் வாங்கவும் வருகிறார்கள். 400 ஆண்டுகளுக்கு முன்னே இங்கே கப்பல்கள் வந்தது வேறொன்றுக்காக. அவை வந்தது துணிக்காக. அதிலும், கையால் சித்திரம் எழுதிய துணிக்காக.

1516ஆம் ஆண்டையொட்டித் தம் நூலை எழுதிய போர்ச்சுகீசியரான துவார்த்தே பர்போசா இவ்வூரைக் குறிப்பிடுகிறார். இங்கே வண்ணத் துணிகள் ஏராளமாக ஆக்கப்படுகின்றன என்றும், மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்திராவிலும் அவற்றுக்கு நல்ல விலை உண்டு என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஐரோப்பியர் இங்கே கோட்டை கட்டுவதற்கு முன்பே பழவேற்காட்டுத் துணி கீழ்த்திசைக் கடல்களைக் கடந்து புகழ் பெற்றிருந்தது என்பது இதனால் விளங்குகிறது.

அந்தத் துணியை ஆக்குவது எப்படி? இன்று அச்சுப் பொறியில் ஒரு நொடியில் விழுகின்ற பூ, அன்று பல வாரங்கள் பாடுபட்டு மலர்ந்த பூ. முதலில் துணியை வெளுத்து, கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் தோய்த்து உலர்த்துவார்கள். அப்போதுதான் பின்னர் எழுதும் கோடு பரவாமல் நிற்கும். தாளில் எழுதிய படத்தின் கோடுகளை ஊசியால் துளைத்து, அத்துளைகளின் வழியே கரித்தூளைத் தட்டித் துணியில் உருவத்தைப் பதிப்பார்கள். பிறகு மூங்கில் எழுதுகோலை எடுத்து, இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் கருங்கோடுகளை எழுதுவார்கள். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகார நீரைத் தடவுவார்கள். அப்போது அந்த இடம் சிவப்பாகத் தோன்றாது. துணியைச் சாயவேர்ச் சாற்றில் கொதிக்க வைத்த பின்னரே, படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும். படாத இடத்தின் சாயம் கழுவிக் காயவைக்கக் காயவைக்க நீங்கிவிடும். நீலம் வேண்டுமானால், நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகை நீக்கிய பின் நீலத்தின் மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை பிறக்கும். நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேரின் சிவப்பு, எத்தனை முறை துவைத்தாலும் மங்காத சிவப்பு. உலகம் மயங்கியது அந்தச் சிவப்பைக் கண்டுதான். மற்ற நாட்டார் வண்ணத்தைத் துணியின் மேல் பூசினார்கள். நம்மவர் வண்ணத்தைத் துணிக்குள் ஏற்றினார்கள்.

சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தக் கம்பெனியில் பணிபுரிந்த டேனியல் ஹாவார்ட் என்பவர் 1693ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வடக்கே பாலக்கொல்லு என்னும் ஊரில் சித்திரக்காரர் வேலை செய்வதை அதிலே அவர் வருணிக்கிறார். நத்தை ஊர்வது போல வேலை நகர்கிறது என்கிறார்; பொறுமை என்னும் பண்புக்கு ஓர் உருவம் எழுத விரும்புகிறவன், அந்தச் சித்திரக்காரரைப் பார்த்து எழுதினால் போதும் என்கிறார். இகழ்ச்சியாகத் தொடங்கிய பேச்சு புகழ்ச்சியாக முடிந்துவிட்டது!

இத்தகைய பொறுமையும் திறமையும் வாய்ந்தவர்கள் செல்வர்களாக வாழ்ந்தார்களா? இனி அதைப் பார்ப்போம்.

ஒல்லாந்தர் கிழக்கே வந்தது கிராம்பையும் சாதிக்காயையும் தேடி. ஆனால், மொலுக்காத் தீவு மக்கள் அந்த வாசனைப் பொருள்களுக்கு மாற்றாக ஐரோப்பியப் பொருள்களை அவ்வளவாக விரும்பவில்லை. சோழமண்டலக் கரையின் துணியையே விரும்பினார்கள். 1612ஆம் ஆண்டில் ஹெண்ட்ரிக் ப்ரௌவர் என்னும் ஒல்லாந்த அதிகாரி, மொலுக்காத் தீவுகளுக்குச் சோழமண்டலக் கரையே இடக்கை என்று தம் மேலவர்களுக்கு எழுதினார். இத்துணி இல்லையேல் அவ்வாணிகம் முடமாகிவிடும் என்பது அவர் கருத்து. 1610ஆம் ஆண்டிலேயே விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிகம் செய்ய உரிமை பெற்றிருந்தார்கள். 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டை அங்கே எழுந்தது. 1690ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, இக்கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் பழவேற்காடுதான்.

ஆனால், கோட்டைக்குள் இருந்த வணிகர் சித்திரக்காரரோடு நேரே பேசினாரில்லை. இடையிலே பெருவணிகர்கள் இருந்தார்கள். அவர்களுள் தலைசிறந்தவர் மலையா என வழங்கப்பெற்ற அஸ்திரப்ப செட்டி. 1634ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின், அவர் குடும்பத்தைச் சேர்ந்த சின்னண்ண செட்டி அவ்விடத்தை அடைந்தார். சொந்தமாகக் கப்பலோட்டியவர்கள் அவர்கள். அரசர்களோடும் நாயக்கர்களோடும் சமமாக இருந்து பேசியவர்கள். கம்பெனி இவர்களிடம் முன்பணம் கொடுக்கும். இவர்கள் சிறு தரகர்களுக்குக் கொடுப்பார்கள். அத்தரகர்கள் நெசவாளருக்கும் சித்திரக்காரருக்கும் கொடுப்பார்கள். பணத்தோடு மாதிரித் துணியும் வரும். மலாய் நாட்டுக்கு ஒரு மாதிரி, சயாம் நாட்டுக்கு ஒரு மாதிரி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய மாளிகைகளின் கட்டில் திரைக்கும் பெண்டிரின் ஆடைக்கும் வேறு மாதிரிகள் வந்தன. எந்த நாட்டு மாதிரி வந்தாலும் அந்நாட்டார் தம்முடையதென்றே கொள்ளும்படி எழுதிக் கொடுத்தான் நம் சித்திரக்காரன். கண்ணால் காணாத பூவை எழுதினான். பெயர் அறியாத பறவையை எழுதினான். அவனுடைய கை உலகத்தைச் சுற்றி வந்தது; அவன் இருந்த இடத்திலேயே இருந்தான்.

முன்பணம் பெறுவதில் தீங்கு என்ன என்று நீங்கள் கேட்கலாம். துணியும் சாயமும் வாங்க முதல் வேண்டுமல்லவா? முன்பணம் இல்லாமல் இத்தொழில் நடந்திராது என்பது உண்மைதான். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அது சோறு போட்டதும் உண்மை. தம்மைக் கொடுமைப்படுத்தும் தலைவனின் ஊரை விட்டு, நெசவாளரும் சித்திரக்காரரும் கூட்டமாக வேற்றூருக்குப் பெயர்ந்துபோனதும் உண்டு. அவர்களுக்கு மிஞ்சியிருந்த பேரம் பேசும் ஆற்றல் அதுதான். எனினும், முன்பணம் வாங்கியவன் ஆக்கிய துணியைத் தான் விரும்பியவருக்கு விற்க இயலாது. வாங்குவோரின் முகத்தை அவன் அறியான். அவர்கள் கொடுக்கும் விலையையும் அறியான். நல்ல காலத்தில் இது கட்டாக மட்டும் இருந்தது. கெட்ட காலம் வந்தபோது இதுவே உயிருக்கு இறுதியாயிற்று.

அக்கெட்ட காலம் 1646, 1647ஆம் ஆண்டுகளில் வந்தது. மழை பொய்த்தது, போர் சூழ்ந்தது, இக்கரை முழுவதும் பெரும்பஞ்சம் பரவியது. சித்திரக்காரரும் நெசவாளரும் மாண்டு நாடே பாழாயிற்று என்று அப்போது சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் தம் கடிதத்தில் எழுதினார்கள். துணி வரத்து நின்றுபோன கவலையும் அந்தக் கடிதங்களில் உண்டு. பஞ்ச காலங்களில், துணி ஏற்றிச் சென்ற இதே துறையிலிருந்து மனிதர்களும் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். உலகம் விரும்பிய கலையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு, ஓராண்டுப் பஞ்சத்தைத் தாங்குவதற்கான சேமிப்பு கையில் இல்லை. இதைவிடத் துயரமான செய்தி இந்தக் கலையின் வரலாற்றில் வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

பின்னும் ஒரு நூற்றாண்டு இத்தொழில் செழிப்பாகவே நடந்தது. சீட்டித் துணியின் மேல் ஐரோப்பியர் கொண்ட மோகம் எவ்வளவு என்றால், தம் நாட்டு நெசவுக்குக் கேடு வருமென்று அஞ்சி, பிரான்சு 1686ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது. இங்கிலாந்தும் 1700லும் 1721லும் அடுத்தடுத்துத் தடைச் சட்டங்கள் இயற்றியது. தடை ஒருபுறம் இருக்க, தொழிலின் நுட்பத்தை அறிந்துகொள்ளும் முயற்சி மறுபுறம் நடந்தது. 1734ஆம் ஆண்டளவில் பொலியே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, புதுச்சேரியில் சித்திரக்காரர் வேலை செய்யும்போது அருகிலிருந்து ஒவ்வொரு படியையும் எழுதிக்கொண்டார். ஒவ்வொரு படிக்கும் ஒரு துண்டுத் துணியையும் வெட்டிச் சேர்த்துக்கொண்டார். 1742ஆம் ஆண்டில் கேர்து என்னும் ஏசு சபைப் பாதிரியார், தம்மிடம் மதம் மாறிய சித்திரக்காரர்களிடமிருந்து கேட்டறிந்தவற்றைப் பிரான்சுக்குக் கடிதமாக எழுதினார். 1783ஆம் ஆண்டில் தாமஸ் பெல் என்பவர் உருளையால் துணியில் அச்சிடும் பொறிக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். நத்தை போல ஊர்ந்த கைவேலை, சுழலும் உருளைக்கு முன்னே எவ்வாறு நிற்கும்? 1825ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தபோது, அந்தத் துறையின் பெருவாழ்வு முன்பே முடிந்திருந்தது.

இதிலே ஒரு விந்தையைக் கவனியுங்கள். பழவேற்காட்டிலிருந்து சென்ற கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு மேனாட்டில் 'புலிக்கேட்' என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதைப் போலவே நெய்து, அந்தப் பெயராலேயே விற்றார்கள். ஆங்கில அகராதியில் அச்சொல் ஏறிவிட்டது. ஊரின் பெயர் பொருளாக விற்றது. பொருளை ஆக்கியவரின் பெயர் எங்கும் இல்லை. லண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும், ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் நம் கரையின் சித்திரத் துணிகளைப் பொன்னே போல் போற்றி வைத்திருக்கிறார்கள். 'சோழமண்டலக் கரை' என்று இடம் சொல்லுகிறார்கள்; நூற்றாண்டும் சொல்லுகிறார்கள். எழுதியவன் யார் என்று சொல்ல அவர்களாலும் இயலவில்லை. பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. வாயிலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே வணிகரும் அதிகாரிகளும் பெயரும் ஆண்டும் பொறித்த கற்களின் கீழே உறங்குகிறார்கள். அவர்களை வாழவைத்த சித்திரக்காரருக்கு அங்கே ஒரு கல்லையும் நான் காணவில்லை.

இனி, கோட்டையை விட்டு ஏரிக்கு வருவோம். ஏனெனில், கம்பெனியின் கணக்கேடுகள் கற்பிக்காத ஒரு பாடம் மீனவர் குப்பங்களில் இருக்கிறது.

பழவேற்காட்டு ஏரியில் இறால் மிகுதியாகப் படும் இடங்கள் சிலவே. அவை முகத்துவாரத்தை ஒட்டி நீரோட்டம் உள்ள இடங்கள். வலிமையுள்ளவன் அந்த இடங்களைப் பிடித்துக்கொண்டால் மற்றவன் பட்டினி கிடக்க வேண்டியதுதான். ஆகையால், கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் வழிவழியாக ஒரு முறை வகுத்துக்கொண்டார்கள். அதற்குப் 'பாடு' என்று பெயர். எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் ஊர் கூடி முடிவு செய்யும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு மற்றொரு நாள் சிறிய இடம் கிடைக்கும். இன்று சிறிய இடம் கிடைத்தவருக்கு நல்ல இடத்தின் முறை வந்தே தீரும். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் இதைப் போன்ற சீட்டு முறை உண்டு. வலை அவனவனுடையது, திறமை அவனவனுடையது, பிடிக்கும் மீனும் அவனவனுடையது. வலை கட்டும் இடத்தை மட்டும் எல்லாரும் பொதுவாக வைத்துக்கொண்டு பகிர்ந்துகொள்கிறார்கள்.

இம்முறையைக் குறையற்றதென்று நான் சொல்லவில்லை. உரிமை குறிப்பிட்ட சமூகத்தாரின் குடும்பங்களுக்கே உரியது. ஏரியை நம்பி வாழும் மற்றவர்கள் வெளியே நின்றார்கள். அதனால் பூசல்களும் எழுந்தன. எனினும், தமிழில் 'பாடு' என்னும் சொல்லுக்கு உழைப்பு என்றும் பொருள், துன்பம் என்றும் பொருள். வலையில் மீன் விழுவதையும் மீன்பாடு என்கிறோம். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அறிந்த மக்கள், அதே சொல்லைப் பங்கிடும் முறைக்கும் வைத்திருக்கிறார்கள். சித்திரக்காரனுக்கு உழைப்பும் இருந்தது, துன்பமும் இருந்தது. அவனுக்கு இல்லாமற் போனது இப்படிப்பட்ட ஒரு பாடுதான். அதாவது, தானும் தன்னையொத்தவரும் சேர்ந்து காத்துக்கொள்ளும் ஒரு துறை.

கலைஞர்கள் அப்படி ஒரு துறையை அமைத்துக்கொள்ள இயலுமா? இயலும் என்பதற்கு இதே கடற்கரையில் சான்று இருக்கிறது. பழவேற்காட்டுக்குத் தெற்கே, சென்னையையும் தாண்டி, ஈஞ்சம்பாக்கத்துக்கு வாருங்கள்.

சென்னைக் கலைப் பள்ளி 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. 1957ஆம் ஆண்டில் தேவிபிரசாத் ராய் சௌத்ரிக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் அதன் முதல்வரானார். 1911ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் பிறந்தவர் அவர். ஆண்டுதோறும் அருமையான மாணவர்கள் பள்ளியை விட்டு வெளியேறுவதையும், பின்னர் பிழைப்புக்காக வேறு வேலைகளில் அமர்ந்து தூரிகையையே மறந்துவிடுவதையும் அவர் கண்டார். படம் வாங்குவோர் அன்று சென்னையில் மிகச் சிலர். ஓவியத்தை மட்டும் நம்பினால் பட்டினி. வேலைக்குப் போனால் ஓவியம் பட்டினி. இந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது?

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி எளியது. ஓவியனுக்குக் கைத்தொழிலும் தெரியும். கைத்தொழில் வயிற்றைக் காக்கட்டும், வயிறு நிறைந்த ஓவியன் தான் விரும்பியபடி படம் எழுதட்டும் என்று முடிவு செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். மெழுகு கொண்டு சாயம் ஏற்றும் பாட்டிக் துணிகள் முதலியவற்றைத் தாமே ஆக்கிக் கண்காட்சி வைத்து விற்றார்கள். அந்த வருவாயிலிருந்து சேமித்து, 1966ஆம் ஆண்டில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் சில ஏக்கர் மணல்நிலம் வாங்கினார்கள். அன்று அங்கே சவுக்கும் மணலும் தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. குடிசைகள் எழுந்தன, பிறகு வீடுகளும் பட்டறைகளும் எழுந்தன. அதற்குச் சோழமண்டல ஓவியர் கிராமம் என்று பெயரிட்டார்கள்.

பாட்டிக் என்னும் கலை ஜாவாத் தீவுக்கு உரியது. அந்தத் தீவின் துணிகளில் சோழமண்டலச் சித்திரத் துணியின் சாயல் படிந்திருப்பதாக ஆய்வாளர் கூறுவர். பழவேற்காட்டுக் கப்பல்கள் அங்கே கொண்டு சேர்த்த கலையின் நிழல், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் சோழமண்டலக் கரைக்கே திரும்பி வந்து ஓவியர்களுக்குச் சோறு போட்டது! ஆனால், ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அன்றைய சித்திரக்காரன் பிறர் தந்த மாதிரியைத் தன் துணியில் எழுதினான். இன்னாருக்குப் போகிறது என்பதை அறியான். ஈஞ்சம்பாக்கத்து ஓவியன் தன் மாதிரியைத் தானே வகுத்தான். வாங்குகிறவர் எதிரே நின்றார். தன் படத்தின் கீழே தன் பெயரையும் எழுதினான்.

பெயரைப் பற்றி இன்னும் சிறிது சொல்லவேண்டும். தன்னைப் பற்றித் தானே பேசுவது தற்பெருமை என்று நம்மில் பலர் கூசுகிறார்கள். கூச்சம் நல்ல பண்புதான். ஆனால், ஒருவன் தன் வேலையைப் பற்றி வாய் திறவாதிருந்தால், தரகன் திறந்த வாயையே உலகம் கேட்கும். பணிக்கர் இதை அறிந்திருந்தார். 1944ஆம் ஆண்டிலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை நண்பர்களோடு நிறுவினார். 1961ஆம் ஆண்டு முதல் 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்னும் இதழ் வெளிவந்தது. சென்னை ஓவியர்கள் என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்பதை அவ்விதழ் நாட்டுக்கு எடுத்துச் சொல்லிற்று. அதில் ஒருவர் தம்மைத் தாமே புகழவில்லை; தம் தோழரின் வேலையை எடுத்து விளக்கினார். விளம்பரத்துக்கும் அறிமுகத்துக்கும் உள்ள வேறுபாடு இதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், விஸ்வநாதன், நந்தகோபால், கோபிநாத், சேனாதிபதி போன்றவர்கள் இன்று கலையுலகில் பெயர் பெற்றிருப்பதற்கு அவர்களுடைய திறமை முதற்காரணம். ஒருவரை ஒருவர் தாங்கி நின்றது இரண்டாம் காரணம்.

இங்கும் குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்க காலத்தில் அங்கே பெண் கலைஞர் மிகச் சிலரே. எல்லாருடைய துயரையும் ஒரு கிராமத்தால் தீர்த்துவிடவும் இயலாது. கனவுலகையே கோடுகளில் எழுதிய கே. ராமானுஜம் அக்கிராமத்தில் வாழ்ந்தவர்; தோழர்கள் துணையிருந்தும், 1973ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். ஆயினும், பணிக்கர் 1977இல் காலமான பின்னும் கிராமம் கலைந்துவிடவில்லை. 2009ஆம் ஆண்டில் அங்கே சென்னை ஓவிய இயக்கத்துக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே ஒவ்வொரு படத்தின் அருகிலும் எழுதியவரின் பெயர் இருக்கிறது.

பழைய சித்திரக்காரரின் மரபு முற்றிலும் அழிந்துவிட்டதோ என்று நீங்கள் வருந்த வேண்டாம். பழவேற்காட்டுக்கு மேற்கே, காளத்தியில் அம்மரபு கோயில் திரைகளை எழுதுவோரிடம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. விடுதலைக்குப் பின் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களின் இறுதியில் அங்கே பயிற்சிக் கூடம் ஒன்று ஏற்பட்டது. முதியவர் கையிலிருந்து இளையவர் கைக்குக் கலை மாறியது. அந்த மரபில் வந்த ஜொன்னலகட்ட குரப்ப செட்டி அவர்களுக்கு 2008ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இக்கரையின் சித்திரக்காரர் ஒருவரை நாடு பெயர் சொல்லி அழைப்பதற்கு அத்தனை காலம் ஆயிற்று.

பழவேற்காட்டில் இன்று சாயத் தொட்டி இல்லை. ஆனால், கைவேலை இருக்கிறது. அவ்வூர் முஸ்லிம் பெண்கள் பனங்குருத்தோலையைச் சீவி, சாயம் ஏற்றி, பெட்டியும் கூடையும் முடைவதில் பெயர் பெற்றவர்கள். விரல் நுனியளவு ஓலையில் அவர்கள் கொண்டுவரும் கட்டமும் கோணமும் பழைய துணியின் கரைகளை எனக்கு நினைவூட்டுகின்றன. அப்பெட்டிகள் நகரத்துக் கடைக்குப் போகும்போது முடைந்தவரின் பெயர் கூடப் போகிறதா? விலையில் எத்தனை பங்கு அவர் கைக்குத் திரும்புகிறது? பழவேற்காட்டுக்குப் போகும் மாணவர்கள் பூநாரையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அவர்களிடம் நேரே சென்று ஒரு பெட்டி வாங்குங்கள். வாங்கும்போது முடைந்தவரின் பெயரையும் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

"கலை சோறு போடுமா?" என்று உங்கள் வீட்டிலே கேட்டால், வரலாற்றிலிருந்து நீங்கள் சொல்லக்கூடிய விடை இதுதான்: கலை எப்போதும் பலருக்குச் சோறு போட்டே வந்திருக்கிறது, கப்பல் முதலாளிக்குப் போட்டது, தரகனுக்குப் போட்டது, பொறி வைத்தவனுக்குப் போட்டது. கலைஞனுடைய இலையில் அது விழவேண்டுமானால் அவன் சிலவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். வயிற்றைக் காக்க ஒரு கைத்தொழிலை இகழாமல் பயில வேண்டும். தன் பொருளின் விலையையும் தன் கணக்கையும் தானே அறிந்திருக்க வேண்டும். வாங்குவோரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெயரை எழுதக் கூசாதிருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் தனியே செய்து ஈடேறியவர்கள் மிகச் சிலர். ஆதலால், உங்களோடு படம் எழுதுகிறவனைப் போட்டியாளனாக மட்டும் பாராதீர்கள். ஏரியில் வலை கட்டும் இடம் சிலவே என்பதை அறிந்த குப்பத்து மக்கள், அதனாலேயே ஒன்றுகூடி உட்கார்ந்து சீட்டுப் போட்டார்கள். நீங்களும் நாலு பேராகக் கூடி உட்கார்ந்து பேசத் தொடங்குங்கள்.